பாதியில் நின்ற பெடல்

"கட்டை வழுக்குது, கட்டை வழுக்குதுன்னு ஒரு மாசமா கத்திக்கினு இருக்கேன். இந்த வூட்ல எவங் காதுலயாவது வுழுவுதா?"

பெரியநாயகியின் குரலில்தான் அன்றைய காலை விடிந்தது. வாசலில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரண்டு ஊன்றுகோல்களில் ஒன்று சிமெண்டுத் தரையில் சறுக்கிவிட்டது. துவைத்துப் பிழிந்த டீம் சட்டைகள், அத்தனையும் ஆரஞ்சு நிறம், மண்ணில் கிடந்தன.

மருமகன் அன்புச்செல்வன் போன வருஷ விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அக்குளில் வைத்து நடந்த ஊன்றுகோல்கள் அவை. அவன் கை வீசி நடக்க ஆரம்பித்ததும் மாமியார் அவற்றை வீணாக்காமல் கொடிக்கு வைத்துவிட்டாள்.

"ஒண்ணு எரும மாதிரி அசையாம நிக்குது. இன்னொண்ணுக்குத்தான் கேடு!"

"வேற கொம்பு வெட்டி வைம்மா," என்றபடியே தேவிப்ரியா செருப்பை மாட்டினாள். அவள் கவனம் காதில் இருந்த கைப்பேசியில். மறுமுனையில் மரவள்ளி ஆலை முதலாளி ராமசாமி.

"அடுத்த ரவுண்டுக்கு டிரைவர் பேர சாயங்காலம் ஆறு மணிக்குள்ள குடுத்தாவணும் தேவிம்மா. கோயமுத்தூர் பையன் சந்தோஷ் ரெடியா இருக்கான். உங்க தம்பியக் கொஞ்ச நாள் ஒக்கார வைங்க."

"இன்னைக்கு ஒரு நாள் டெஸ்ட் பாத்துட்டு சொல்றேங்க."

"மூணு ரவுண்டு பாத்தாச்சே! உங்க அப்பாவ எறக்கும்போதும் இதத்தான் சொன்னேன். பாசத்த வூட்டுல வச்சிக்குங்க. என் ஆலை பேர ஒட்டிக்கினு ரேஸுக்குப் போற வண்டி ஊர்கோலம் போவக்கூடாது."

வைத்துவிட்டார்.

தேவிப்ரியாவுக்கு டீம் தலைமை நாற்காலி எப்படி வந்தது என்று வடக்கனந்தலில் டீக்கடைக்கு டீக்கடை ஒரு கதை உண்டு. நடந்தது இதுதான். கரும்பும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்த பூமாலை, டிராக்டர் கொட்டகையிலேயே உருவாக்கிய டீம் 'கல்வராயன் ரேஸிங்'. மகன் இளவரசன் டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே படித்துச் சொல்கிற கோ-டிரைவர், மருமகன் அன்புச்செல்வன். இரண்டு வருஷம் கோப்பை தூக்கிய டீம், இந்த வருஷம் முதல் சுற்றில் ஐந்தாவது. அடுத்ததில் பதினொன்று. அதற்கடுத்ததில் எந்த இடம் என்று சொல்லவே வெட்கம்.

செலவைத் தாங்குகிற ராமசாமி ஒரே வார்த்தைதான் சொன்னார். பூமாலை ஒதுங்க வேண்டும்.

பூமாலை ஒதுங்கினார். வேன் சாவியை மகள் காலடியில் எறிந்துவிட்டு ஒதுங்கினார். அதன்பிறகு இந்த மூன்று வாரமாகக் கொட்டகைப் பக்கம் அவர் தலை தெரியவில்லை. மகளிடம் ஒரு பேச்சும் இல்லை.

இப்போது தம்பியின் முறை. அப்பா கிடந்த இடத்தில் தம்பியையும் கொண்டுபோய்க் கிடத்துவதா? அவள் கிளம்பிவிட்டாள்.

*

கல்வராயன் மலை அடிவாரத்தில், மூடிப்போன கல்குவாரிக்குப் போகிற மண் பாதைதான் இவர்களின் பயிற்சித் தடம். பாதி தூரம் மலையேறி, ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, குவாரியில் முடியும். போன வருஷம் கார் உருண்டதும் அந்தப் புளியமர வளைவில்தான்.

தேவிப்ரியா அந்த வளைவுக்குக் கீழே, நேர் பாதையின் ஓரமாகப் போய் நின்றாள். காலை வெயில் அதற்குள் சுள்ளென்றது.

கீழே கார் கிளம்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணால் பார்த்தால் தூசிதான் தெரியும். வண்டி என்ன சொல்கிறது என்று காதுக்குத்தான் தெரியும்.

சத்தம் ஏறியது. ஏறியது. இன்னும் ஏற வேண்டிய இடத்தில், ஏறாமல் அப்படியே நின்றது. நேர் பாதை முழுக்க அதே சுருதி. ஒருவன் கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டு, பாதியில் யாரோ வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

தூசியைக் கிளப்பிக்கொண்டு கார் அவளைக் கடந்தது.

கார் குவாரியைத் தொட்டுக் கீழே திரும்பியது. அவளும் இறங்கி வந்தபோது சண்டை ஆரம்பமாகியிருந்தது.

"என்ஜின் இழுக்கலடா பாவாடை! எத்தினி தபா சொல்றது?" இளவரசன் ஹெல்மெட்டைத் தார்ப்பாய் மேல் எறிந்தான்.

"என்ஜின் மேல பழி போடாதண்ணே," மெக்கானிக் பாவாடை கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "நேத்துகூட அவுத்துப் பாத்தேன். கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்குது."

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. ஊரு சொல்லுது."

இளவரசன் அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். அன்புச்செல்வன் நடுவில் புகுந்தான். இடது காலை லேசாகச் சாய்த்து நடக்கிற அவனுக்கு, குரல் மட்டும் எப்போதும் சாயாது.

"வுடு மச்சான். நல்லாத்தான் ஓட்டன. எடம் கெடைக்கறதும் கெடைக்காததும் நேரம்." பிறகு மனைவியிடம் திரும்பினான். "டயர் பார்சல உளுந்தூர்பேட்டையில எறக்கிட்டாங்களாம். நான் வேன எடுத்துக்கினு போயிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

"சாப்ட்டுட்டுப் போங்க."

"வழியில பாத்துக்கறேன்."

வேன் போயிற்று. இளவரசன் புளியமரத்தை நோக்கி நடந்துபோய் நிழலில் உட்கார்ந்துவிட்டான். அவன் முதுகைப் பார்த்தால் இருபத்தாறு வயதுப் பையன் மாதிரி இல்லை.

"பாவாடை, பானெட்டத் தொற," என்றாள் தேவிப்ரியா.

"நீ கூடவாக்கா? தோ பாரு." பாவாடை என்ஜினைக் கிளப்பிவிட்டுக் குனிந்து, என்ஜின் பக்கம் வருகிற ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தான். கார் நின்ற இடத்திலேயே ஊரைக் கூட்டியது. மரத்திலிருந்த காக்காய்கள் பறந்தன. அந்தச் சத்தத்தில் குறையே இல்லை. காலையில் அவள் கேட்காத உச்சி இதில் இருந்தது.

"தெனம் இப்படித்தான் பாப்பியா? கையால இழுத்து?"

"பூமாலை அய்யா காலத்துலருந்து இப்படித்தான்க்கா. டிராக்டர நிறுத்தி வச்சா கையிலதான வேகம் வைக்கறோம்? அதே பழக்கம். இதுல இன்னா தப்பு?"

"உள்ள ஒக்காந்து கால்ல மிதிச்சுப் பாத்தியா?"

பாவாடை அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அது எதுக்கு?"

தேவிப்ரியா கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டில் ஏறினாள். பெடலில் காலை வைத்து அழுத்தினாள். போயிற்று, போயிற்று... நின்றது. அடித்தரையைத் தொடவே இல்லை. இன்னும் அழுத்தினாள். மெத்தென்று எதுவோ அவள் காலை எதிர்த்தது.

கீழே குனிந்து, கறுப்பு மிதியடியைத் தூக்கி, பெடலின் பின்பக்கம் கையை விட்டாள். விரலில் தட்டுப்பட்டது. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். நகம் ஒடியப் பிய்த்தாள்.

கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்த அளவு. ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய அடையாளம். இன்னொரு பக்கம் வட்டம் வட்டமாக வரி.

உள்ளங்கையில் அதை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இந்த வேலை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பூமாலை டிராக்டர் பழக்கும்போது, ஆக்ஸிலேட்டருக்கு அடியில் பழைய டயரில் வெட்டிய துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார். எவ்வளவு மிதித்தாலும் வண்டி பாதி வேகத்தைத் தாண்டாது. தேவிப்ரியா, இளவரசன், அத்தை மகனாக வந்து இந்த வீட்டிலேயே வளர்ந்த அன்புச்செல்வன், மூன்று பேரும் அந்தத் துண்டை மிதித்துத்தான் ஓட்டக் கற்றார்கள். நன்றாக ஓட்ட வந்ததும் அவரே துண்டை எடுத்துக் கையில் கொடுப்பார். அந்த நாள் வீட்டில் கேசரி.

"இன்னாக்கா அது?"

"ஒண்ணுமில்ல. நீ எதையும் தொடாத. தோ வந்துடறேன்."

*

பூமாலை மக்காச்சோளத்தைத் தார்ச்சாலை ஓரத்தில் கொட்டி, காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் ஸ்கூட்டரை நிறுத்துவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முதுகைத் திருப்பினார்.

அவள் துண்டை நீட்டினாள். "நீங்கதான?"

"இன்னாது?"

"காருல ஆக்ஸிலேட்டருக்கு அடியில ஒட்டியிருந்தது. இந்த வேல வேற யாருக்குத் தெரியும்? என்கிட்ட நாற்காலி போயிடுச்சின்னு இப்படியாப்பா பண்ணுவீங்க? சொந்தப் புள்ளையப் பாத்து ஊர் சிரிக்கறத வேடிக்க பாக்கறீங்களே!"

பூமாலையின் கால் கிளறுவதை நிறுத்தியது. துண்டை வாங்கி, வெயிலுக்குக் காட்டி, விரலால் நெரித்துப் பார்த்தார்.

"இது டயரு இல்ல. டயரா இருந்தா அறுத்த எடத்துல நூலு தெரியும். நான் டயர்லதான் வெட்டுவேன்." நிறுத்தினார். "எத்தினி நாளா இருக்குது இது?"

"பசை காஞ்ச காய்ச்சலப் பாத்தா ரெண்டு மூணு மாசம் இருக்கும்."

"ரெண்டு மூணு மாசம்." அவர் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். "அப்ப டீம் யாருகிட்ட இருந்தது?"

தேவிப்ரியா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. நீதான படிச்சவ. யாருகிட்ட இருந்தது? என்கிட்ட. என் டீம நானே தோக்க வச்சி, நானே என்னை எறக்கிக்கினேனா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இந்த ரப்பராலதான் என்னை வெளிய அனுப்பினீங்களா? இத்தினூண்டு ரப்பரு!"

"அப்பா..."

"போ. போயி உன் டீமப் பாரு."

துண்டை அவள் கையில் திணித்துவிட்டு அவர் மறுபடி சோளத்தைக் கிளற ஆரம்பித்தார். கால் மட்டும் ஒரே இடத்தையே கிளறிக்கொண்டிருந்தது.

*

புளியமரத்தடிக்கு அவள் திரும்பியபோது இளவரசன் அதே இடத்தில் இருந்தான். அவள் துண்டை அவன் மடியில் போட்டாள். அவன் திடுக்கிடவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

"நான் வைக்கலக்கா."

"ஆனா தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சி பாத்தேன். அப்பா வச்சதுன்னு நெனச்சேன். எனக்கு ஓட்ட வராதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு போலன்னு. போய்க் கேக்க வெக்கமா இருந்தது."

"எடுத்து எறிஞ்சிருக்கலாமே?"

"எறிஞ்சா முழுசா மிதிக்கணும்ல."

கீழே பாவாடை எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"இந்த வளைவுலதான்க்கா மாமா கால் ஒடைஞ்சது. நான் ஓட்டனது. அதுக்கப்புறம் காலு தானா லேசாயிடுது. அந்த ரப்பரப் பாத்ததும்... சொன்னா காறித் துப்புவ. நிம்மதியா இருந்தது. தப்பு என்னுது இல்ல, ரப்பரோடதுன்னு."

"அப்பாவ எறக்கனாங்களேடா. அப்பக்கூட வாயத் தொறக்கலியே நீ!"

அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது.

தேவிப்ரியாவுக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அறைந்தால் ஆறு மணிக்கு என்ன பெயர் சொல்வது? அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பிக் கீழே காருக்கு இழுத்துப் போனாள்.

"ஏறு. ரப்பர் இல்லாம ஒரு தபா. நான் பக்கத்துல ஒக்கார்றேன்."

"நீயா? வாணாங்க்கா!"

"இந்தப் பாதைய நான் தூக்கத்துலகூட படிப்பேன். ஏறுடா."

ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பாவாடை கையைக் கீழே இறக்கினான். கார் பாய்ந்தது. அவள் படிக்க ஆரம்பித்தாள்: எண் குறைந்தால் வளைவு கூர்மை, நூறு என்பது நேராகப் போகும் மீட்டர்.

"வலது நாலு. நூறு. எடது மூணு, கல்லு கெடக்குது, உள்ள வராத. நேர்..."

நேர் பாதை வந்தது. சத்தம் ஏறியது. காலையில் நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. சீட்டோடு அவள் முதுகு அப்பிக்கொண்டது. புளியமரம் வளர்ந்துகொண்டே வந்தது. அவன் கால் எடுக்கப் போவதை அவள் காதில்தான் முதலில் உணர்ந்தாள்.

"வலது ரெண்டு! எடுக்காத! இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப!"

பின்பக்கம் வீசியது. கல்லும் மண்ணும் கதவில் அடித்தன. மரம் கண்ணாடியில் முழுசாக வந்து, விலகிப் போயிற்று.

குவாரியில் காரை நிறுத்தியதும் இளவரசன் கதவைத் திறந்து ஓரமாக ஓடி வாந்தியெடுத்தான். பிறகு அங்கேயே குந்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னாடா சிரிப்பு?"

"வளைவுல நீ கண்ண மூடிக்கினதான?"

"நான் எப்பவும் காதாலதான் பாப்பேன். வாயத் தொடை."

கார் கீழே திரும்பியதும் பாவாடை கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தான். "பன்னெண்டு செகண்டு கம்மிக்கா! பன்னெண்டு! கோயமுத்தூரானைக் கோயமுத்தூர்லயே இருக்கச் சொல்லு!"

டிரைவர் பெயர் முடிவாகிவிட்டது. ஆனால் அவள் கைக்குட்டையில் முடிந்து வைத்த ரப்பர் துண்டு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அப்பா இல்லை. தம்பி இல்லை. அப்படியென்றால்?

*

வீட்டு வாசலில் ஏறும்போதே அம்மாவின் கத்தல்.

"பாத்தியா, பாத்தியா! மறுபடியும் வுழுந்துடுச்சி. ரெண்டாந்தரம் அலசிப் போட்ட துணிடி!"

ஆரஞ்சுச் சட்டைகள் மறுபடியும் மண்ணில். தேவிப்ரியா குனிந்து சட்டைகளை ஒதுக்கினாள். அடியில் அந்த ஊன்றுகோல் கிடந்தது. நிமிர்த்தி வைக்கப் போனவள் அதன் நுனியைப் பார்த்தாள்.

வெறும் அலுமினியக் குழாய். மொட்டையாக.

மெதுவாகத் திரும்பி, எருமை மாதிரி அசையாமல் நின்ற இன்னொன்றின் அடியைப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் புஷ். அதைச் சாய்த்துப் பார்த்தாள். அடிப்பாகத்தில் வட்டம் வட்டமாக வரி.

கைக்குட்டையை அவிழ்த்தாள். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்தாள்.

வேன் வந்து நின்ற சத்தமும், கதவு சாத்திய சத்தமும் கேட்டன. அன்புச்செல்வன் தோளில் ஒரு டயரோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மனைவியின் ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் துண்டு. டயரை அவன் இறக்கி வைக்கவில்லை. அது தானாக இறங்கி, உருண்டு, துளசி மாடத்தில் முட்டிச் சாய்ந்தது.

"எப்ப வச்சீங்க?"

"ரெண்டாவது ரவுண்டுக்கு முந்தி." மறைக்க அவன் முயலவில்லை.

"பயமா இருக்குது, எறங்கிக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் இன்னா, வெளியாளா?"

"எறங்கிட்டு?" அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "சின்ன வயசுலருந்து இந்த வூட்டுச் சோறு. இந்த வூட்டு மாப்பிள்ள. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு சீட்டு தேவி. அதுலருந்து எறங்கிட்டா நான் யாரு? அந்த மரம் கண்ணுலயே நிக்குது. வாய் வளைவப் படிக்குது, கை சீட்டப் புடிச்சிக்கினு நடுங்குது. மச்சானுக்குத் தெரியாம இருக்கணுமேன்னு..."

"அப்பாவ எறக்கனப்ப பக்கத்துலதான நின்னீங்க. சாவியப் பொறுக்கி என் கையில குடுத்ததே நீங்கதான."

அவன் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். தேவிப்ரியா திரும்பினாள். மாட்டுக் கொட்டகைப் பக்கத் தண்ணீர்க் குழாயடியில், சோளத் தூசியைக் கழுவ வந்த பூமாலை நின்றுகொண்டிருந்தார். குழாய் திறந்தபடி தண்ணீர் வழிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கைப்பேசி அடித்தது. ராமசாமி.

"இன்னா தேவிம்மா, ஆறாவப் போவுது. பேரு?"

"டிரைவர் இளவரசன். இன்னைக்கு டைம் அனுப்பச் சொல்றேன், பாருங்க. அப்புறம் பேசுங்க."

"சரி, பாக்கறேன். கோ-டிரைவர் எப்பவும் போல உங்க வூட்டுக்காரர்தான?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், மண்ணில் கிடந்த சட்டைகளில் தன் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஆமாம்' என்று சொன்னால் அவன் நிற்பான். ஆனால் பக்கத்து சீட்டில் அந்தப் பயம் இருக்கும்வரை தம்பி கால் மறுபடியும் லேசாகும்.

"இல்லீங்க. கோ-டிரைவர் தேவிப்ரியா."

"ஐயோ! ரெண்டு புள்ளையும் ஒரே வண்டியிலயா?" பெரியநாயகி தலையில் கை வைத்தாள்.

போனில் ராமசாமி குரலை உயர்த்தினார். "நீ வண்டிக்குள்ள ஒக்காந்துட்டா டீம யாரும்மா பாக்கறது?"

தேவிப்ரியா குழாயடியைப் பார்த்தாள். மத்தியானம் அவள் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டுப் போன மனிதர் அங்கேதான் நின்றார்.

"பூமாலை. எங்கப்பா."

"விளையாடறியா? அவர எறக்கனதே நான்தான!"

"தெரியும்ங்க. தப்பா எறக்கிட்டோம். உங்க தப்பு பாதி, எங்க வூட்டுத் தப்பு பாதி. நேர்ல வந்து சொல்றேன்."

அவர் கத்துவது காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள்.

பூமாலை குழாயை மூடினார். "என்னைக் கேட்டியா?" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவராக வந்து அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கேட்டா வரமாட்டீங்களே."

"வரேன்னு எப்ப சொன்னேன்?" ஆனால் அவர் நகரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ள எங்க?"

தேவிப்ரியா திரும்பினாள். டயர் மட்டும் துளசி மாடத்தில் சாய்ந்து கிடந்தது. மண்ணில் கிடந்த சட்டைகளில் ஒன்றைக் காணோம்.

தெருவில் வேன் கிளம்பியது.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். சத்தம் ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போகாமல் பாதியிலேயே நின்று, அதே சுருதியில் தெருமுனையைத் தாண்டி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

அந்த வேன் பெடலுக்கு அடியில் எந்த ரப்பரும் இல்லை.